அப்பாவிடம் சோதித்துப் பார்த்த அண்டை நாட்டுக் கல்விமுறைகள்

முத்தாபுதுப்பேட்டை,
ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு.

பூட்டான் நாட்டில் பனிக்கும் கணக்குக்கும் நடுவே பணியாற்றும் என் அன்பும் மரியாதையும் நிறைந்த நாகவல்லி அத்தைக்கு,

உங்கள் தம்பி உலகநாதனின் மகள் பவ்யா வணங்கி எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் நலம். நீங்கள் அனுப்பிய படத்தில் உங்கள் கன்னங்கள் சிவந்திருந்தன. அது குளிரினாலா, அங்கே கிடைக்கும் ஆப்பிளினாலா என்று அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வாக்குவாதம் வந்து, குளிர்தான் என்று அம்மா முடிவு செய்து, உங்களுக்காக ஒரு கம்பளித் தொப்பி பின்னத் தொடங்கியிருக்கிறார். ஆவடி வெயிலில் கம்பளியை மடியில் வைத்துக்கொண்டு பின்னுவதால் தொப்பியை விட அம்மாதான் சூடாக இருக்கிறார். காட்டுப்பாக்கத்தில் ஹேமநாதன் மாமாவும் நலம். நீங்கள் இல்லாமலே நன்றாகச் சமைக்கக் கற்றுக்கொண்டுவிட்டதாகச் சொல்கிறார். ஆனால் அடிக்கடி பசியோடு எங்கள் வீட்டுக்கு வருவதால், அதை என்னால் உறுதி செய்ய இயலவில்லை.

போன கடிதத்தில் நீங்கள், "இந்தியாவைச் சுற்றியுள்ள நாடுகளில் பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள் என்று ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதி அனுப்பு, என் மாணவர்களுக்குச் சொல்லிக்காட்டுகிறேன். இணையத்திலிருந்து இறக்கினால் எனக்குத் தெரிந்துவிடும், எதையும் செய்து பார்த்து எழுது" என்று கேட்டிருந்தீர்கள். அந்தக் கடைசி வரிதான் எல்லாவற்றுக்கும் காரணம். செய்து பார்க்க எனக்கு ஒரு மாணவர் வேண்டும். எனக்குத் தம்பி, தங்கை கிடையாது. எதிர் வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கும் டியூஷனுக்கும் நடுவே பல் விளக்கவே நேரமில்லாமல் இருக்கிறார்கள். நான் யோசித்துக்கொண்டிருந்தபோது அம்மா, "இதோ கீறாரே ஒரு புள்ள, கால நீட்டிக்கினு கிரிக்கெட்டு பாத்துக்கினு" என்று அப்பாவைக் காட்டினார்.

அப்பாவுக்குத் தேர்வு இருப்பது உங்களுக்குத் தெரியுமோ தெரியாதோ. பாடியில் அவர் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஒரு சூப்பர்வைசர் இடம் காலியாகிறது. அப்பாவைப் போன்ற பிட்டர்கள் அதற்குத் தேர்வு எழுதலாம். முன்பு இரண்டு முறை எழுதி அப்பா தேறவில்லை. சூப்பர்வைசருக்கு நைட் ஷிப்ட் கிடையாது. நைட் ஷிப்ட் வரும் வாரங்களில் நான் பள்ளிக்குக் கிளம்பும்போது அப்பா வந்து படுப்பார், நான் படுக்கும்போது அவர் கிளம்புவார். வாசலில் செருப்பு மாட்டும் இடத்தில்தான் நாங்கள் இருவரும் முக்கியமான விஷயங்களைப் பேசிக்கொள்கிறோம். அவர் தேறினால் தினமும் இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருப்பார். ஆகவே அத்தை, என் கட்டுரைக்கு மாணவரும் ஆயிற்று, மாணவருக்குத் தேர்ச்சியும் ஆயிற்று என்று ஒரே கல்லில் இரண்டு மாங்காய்க்கு ஆசைப்பட்டேன்.

மரியாதைக்காக உங்கள் நாட்டிலிருந்தே தொடங்கினேன். அங்கே பாடத்துக்கு முன் பிள்ளைகள் கண்ணை மூடி மூச்சைக் கவனித்து அமைதியாக உட்காருவார்கள், தேசிய உடையில்தான் பள்ளிக்கு வருவார்கள் என்று நீங்களே எழுதியிருந்தீர்கள். அப்பாவுக்குத் தேசிய உடை எது என்பதில் முதல் சிக்கல் வந்தது. நான் வேட்டி என்றேன். அவர், "ஊர்ல பாதி ஆம்பள ஊட்ல எத கட்டிக்கினு கீறானோ அதான்மா தேசிய உடை" என்று கைலியிலேயே உட்கார்ந்துவிட்டார். வாதத்தில் நியாயம் இருந்ததால் அனுமதித்தேன். கண்ணை மூடினார். விமானப்படைத் தளத்திலிருந்து ஒரு விமானம் எங்கள் மொட்டை மாடியை உரசுவதுபோல் போயிற்று, அசையவில்லை. குக்கர் விசில் அடித்தது, அசையவில்லை. பூட்டான் முறை இவ்வளவு விரைவாகப் பலிக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை, குறிப்பெடுக்கப் பேனாவைத் திறந்தேன், அப்போதுதான் குறட்டை கேட்டது. அப்பா தூங்கினார். எழுப்பியபோது, "மனசு பஞ்சு மாரி ஆயிடுச்சி பாப்பா, இன்னிக்கி இத்தோட வுட்று" என்று நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்து இலங்கை. அங்கே ஐந்தாம் வகுப்பிலேயே புலமைப்பரிசில் பரீட்சை என்று ஒரு பெரிய தேர்வு உண்டு. எழுதுவது பிள்ளை, தவிப்பது தாய் என்று படித்தேன். ஆகவே இந்த முறையில் முக்கியப் பொறுப்பு அம்மாவுக்கு. அவர் முதலில், "நான் இன்னாத்துக்கு இந்தாளுக்கு அம்மாவா ஆவணும்? இவுங்க அக்கா அந்தாண்ட போயி எத்தினி புள்ளைங்களுக்குக் கணக்கு சொல்லித் தர்றாங்க, அவங்களாலயே இவரத் தேத்த முடியல" என்றார். (மன்னிக்கவும் அத்தை, ஆய்வில் சொன்னதைச் சொன்னபடி பதிய வேண்டும்.) ஆனால் பொறுப்பேற்றபின் அம்மா அதில் மூழ்கிவிட்டார். பாதாம் பால் வந்தது. திருவேற்காட்டு அம்மனுக்கு வேண்டுதல் ஆயிற்று. டிவி ரிமோட் அரிசிப் பானைக்குள் போயிற்று. அப்பாவோ பாலைக் குடித்துவிட்டு, அந்த நாட்டில் பல்கலைக்கழகத்துக்கு மாவட்டத்துக்கு மாவட்டம் வெட்டுப்புள்ளி மாறும் என்று நான் சொன்னதை மட்டும் பிடித்துக்கொண்டார். "அப்டீன்னா முத்தாபுதுப்பேட்டைக்குத் தனி கட் ஆப் குடு. நான் இன்னா அண்ணா நகர்லயா கீறேன்? தண்ணி லாரி வந்தா படிப்ப வுட்டுட்டு ஓடணும்" என்றார். கல்வியில் பின்தங்கிய பகுதி என்பதற்குச் சான்றாகத் தன்னையே காட்டினார். நான் குறைக்க மறுத்தேன். அவர் பாலை மட்டும் தொடர்ந்து ஏற்றுக்கொண்டார்.

நேபாளத்தால்தான் விஷயம் வெளியே பரவியது. அங்கே பத்தாம் வகுப்பு முடிவில் இருந்த தேர்வை மக்கள் 'இரும்புக் கதவு' என்றே சொல்வார்களாம், அவ்வளவு பேர் அதில் முட்டி நின்றார்கள். பிறகு பெயரை மாற்றி, தேறினார், தேறவில்லை என்பதற்குப் பதில் எழுத்துத் தரம் போடத் தொடங்கினார்கள். அப்பாவின் பழைய வினாத்தாளை வைத்து ஒரு தேர்வு நடத்தி, அதன்படி அவருக்கு நான் டி போட்டேன். "டின்னா பெயிலா?" என்றார். இல்லை, டி என்றால் டி என்றேன். அவ்வளவுதான். மறுநாள் தொழிற்சாலையில் போய், என் மகள் நேபாளத்துப் பரீட்சை வைத்தாள், நான் பெயிலாகவில்லை என்று சொல்லியிருக்கிறார். அன்று மாலையே எத்திராஜ் மாமா எங்கள் வாசலில் நின்றார். அவரை உங்களுக்கு நினைவிருக்கும், அப்பாவோடு ஐ.டி.ஐ. படித்தவர், அதே தொழிற்சாலை, அதே பிரிவு, சிரித்தால் எங்கள் ஜன்னல் கம்பி அதிரும். அவரும் அதே தேர்வை எழுதுகிறார். "பாப்பா, உங்கப்பனுக்கு மட்டும் நேபாளம் குடுத்தா எப்டி? எனக்கும் ஒரு நேபாளம் போடு" என்று சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கையில் பஜ்ஜிப் பொட்டலம். கல்விக் கட்டணம் என்றார்.

இரண்டு மாணவர்கள் கிடைத்ததால் வங்கதேசத்துக்குப் போனேன். அங்கே சில ஆண்டுகளுக்கு முன் புதிய பாடத்திட்டம் கொண்டுவந்து, தேர்வுகளைக் குறைத்து, மதிப்பெண்ணுக்குப் பதில் முக்கோணம், வட்டம், சதுரம் என்று வடிவங்களைப் போட்டார்கள். முக்கோணம்தான் உயர்ந்தது. பெற்றோருக்குப் புரியவில்லை, எதிர்த்தார்கள், ஆட்சியும் மாறியது, பழைய முறைக்கே திரும்பிவிட்டார்கள். (நம் ஊரில் பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வு வந்து, சில ஆண்டுகள் இருந்து, போனதுபோல. சீர்திருத்தங்களும் உறவினர்களைப் போல வருகின்றன, சிலர் தங்குகிறார்கள், சிலர் பையைக்கூடத் திறக்காமல் கிளம்பிவிடுகிறார்கள். உங்களைச் சொல்லவில்லை.) அம்மாவுக்கு இது மிகவும் பிடித்துவிட்டது. அம்பத்தூர் எஸ்டேட்டில் சட்டைகளைச் சோதிக்கும் வேலையில் இருப்பவர் அல்லவா? "எங்க லைன்லயும் இதான் பண்றோம். பழுதுன்னா ஒரு ஸ்டிக்கரு, தையல் பிரிச்சி தெக்கணும்னா ஒரு ஸ்டிக்கரு. ஆர்டரெல்லாம் வங்கதேசத்துக்காரன் ஏன் தூக்கினு போறான்னு இப்பத்தான் புரியுது" என்று தன் பையிலிருந்து ஸ்டிக்கர்களை எடுத்துத் தந்தார். டேப்பர் கணக்கு என்று ஒன்று உண்டு, இரும்புத் தண்டு ஒரு முனையில் மெலிந்துகொண்டே போனால் அதன் சாய்வைக் கண்டுபிடிப்பது. எத்திராஜ் மாமா அதை அழகாகப் போட்டு முக்கோணம் வாங்கினார். அப்பா வெறும் தாளைக் கொடுத்து, நெற்றியில் சதுரம் வாங்கினார். நெற்றியில் ஒட்டியது அம்மா. மாமா சிரிக்கவில்லை. தன் முக்கோணத்தைச் சட்டையிலிருந்து பிய்த்து, "இத அவனுக்கு ஒட்டிடு பாப்பா, எனக்கு இன்னாத்துக்கு?" என்றார். அப்படியெல்லாம் மாற்ற முடியாது, விதி இருக்கிறது என்று நான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

சீனாவைச் சோதித்திருக்கவே கூடாது. பள்ளிப் பாடங்களுக்கு லாபத்துக்காக டியூஷன் நடத்தக்கூடாது என்று அங்கே சட்டம் போட்டார்கள் என்று வாசித்து முடிப்பதற்குள் அப்பா புத்தகத்தை மூடி, "சட்டம்னா சட்டம்தான். நீ பஜ்ஜி வாங்கிக்கினுதான நடத்தற? உன் மேல கேசு வந்துடும்மா" என்று எழுந்தேவிட்டார். மாமா பஜ்ஜியைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

உண்மை தெரிந்தது பாகிஸ்தானால். எல்லாப் பள்ளிக்கும் ஒரே பாடத்திட்டம் என்று அங்கே ஒரு முயற்சி நடந்தது. நம் வீட்டுக்கும் ஒரே பாடத்திட்டம் என்று அம்மாவையும் படிக்கச் சொன்னேன். அம்மா அவரைக்காய் நறுக்கிக்கொண்டே கேள்விகளை உரக்கப் படித்தார். குளியலறையிலிருந்து தண்ணீர் ஊற்றும் சத்தத்துக்கு நடுவே ஒவ்வொன்றுக்கும் அப்பாவின் பதில் வந்தது. எல்லாம் சரியான பதில். டேப்பர் கணக்கைக்கூட சோப்புப் போட்டுக்கொண்டே மனத்துக்குள் போட்டுச் சொன்னார். அம்மாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்தோம். மாலையில் எத்திராஜ் மாமா வந்ததும் அதே கேள்விகளைத் தாளில் கொடுத்தேன். அப்பா பாதிக்கு மேல் எழுதவில்லை. பக்கத்தில் மாமா வாய்க்குள்ளேயே அப்பாவுக்குப் பதில் சொல்லிக்கொடுக்கிறார், ஆனால் அதே கேள்விக்குத் தன் தாளில் ஒன்றும் எழுதவில்லை! மாணவர்கள் பார்த்து எழுதுவதைப் பற்றி எல்லா நாட்டுக் கட்டுரையிலும் படித்திருக்கிறேன். தெரிந்ததை எழுதாமல் இருக்கப் போட்டி போடும் மாணவர்களைப் பற்றி எங்கும் படித்ததில்லை.

மாமா போனபின் அப்பாவைக் கேட்டேன். முதலில் மின்விசிறியைப் பார்த்தார். பிறகு சொன்னார்.

அவர்கள் லன்ச் நேரத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, எல்லா டிபன் பாக்ஸையும் திறந்து நடுவில் வைத்து, யார் குழம்பு யார் சோற்றில் என்று தெரியாமல் சாப்பிடுவார்களாம். அதில் திருவேங்கடம் என்பவரும் ஒருவர். போன ஆண்டு அவர் சூப்பர்வைசர் ஆனார். சூப்பர்வைசர்களுக்கு வெள்ளை ஹெல்மெட்டும் தனி மேசையும் உண்டு. ஆனாலும் முதல் நாள் அவர் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு பழைய பெஞ்சுக்கே வந்தாராம்.

"வந்தாரா, அப்புறம் என்னப்பா?"

"எழுந்து நின்னுட்டோம்மா."

"யாரு?"

"எல்லாரும்தான். யாரும் சொல்லல. வெள்ள ஹெல்மெட்ட பாத்ததும் காலு தானா எழுந்துக்கிச்சி. அவன் ஒரு நிமிசம் பாத்தான். உக்காருங்கடான்னான். உக்காந்தோம். ஆனா எவனுக்கும் சோறு எறங்கல. மறுநாள்லேர்ந்து அவன் வரல, தனியாத்தான் துன்றான்." பிறகு, "இருக்கறது ஒரு சீட்டு. நான் போனா எத்தி எழுந்து நிப்பான். அவன் போனா நான் நிக்கணும். அவன் எதிர்ல நான் எப்டி மா நிக்கறது?" என்றார்.

எனக்கு அப்பா இரவுச் சாப்பாட்டுக்கு வேண்டும். அப்பாவுக்கு மதியச் சாப்பாட்டுக்கு நண்பர் வேண்டும். இதற்கு எந்த அண்டை நாட்டிலும் கொள்கை அறிக்கை இல்லை. அன்று உங்கள் பழைய கடிதங்களை எல்லாம் எடுத்துப் படித்தேன். ஒன்றில் நீங்கள், "நான் உள்ளே நுழைந்தால் பிள்ளைகள் அத்தனை பேரும் எழுந்து வணக்கம் சொல்கிறார்கள், மதியம் நான் அவர்களோடு தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் மட்டும் ஒருவரும் எழுவதில்லை, தள்ளி இடம் விடுகிறார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். அப்போதுதான் அத்தை, இத்தனை நாள் நான் வித்தியாசங்களையே தேடியதும், எல்லா நாட்டுக்கும் பொதுவானதைக் கவனிக்காமல் விட்டதும் புரிந்தது. தேர்வு மாறுகிறது, மதிப்பெண் மாறுகிறது, சீருடை மாறுகிறது. பெரியவர் உள்ளே வந்தால் எழுந்து நில் என்ற முதல் பாடம் மட்டும் எங்கும் மாறவில்லை. எழாமல் இருப்பதற்குத்தான் எங்கும் பாடம் இல்லை. அதை நானே தொடங்கினேன்.

பயிற்சி எளிது. நான் அப்பாவின் பைக் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு அறைக்குள் வருவேன். அப்பாவும் மாமாவும் எழக் கூடாது. முதல் நாள் இருவரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், எழவில்லை. சிரித்தால் செல்லாது என்றேன். அம்மா ஹெல்மெட் போட்டுக்கொண்டு வந்தார். இருவரும் எழுந்து நின்றுவிட்டார்கள். "வாய்தா கேக்கறவன் மாரி இன்னா நிக்கறீங்க?" என்று அம்மா அதட்ட, இன்னும் நேராக நின்றார்கள். ஆனால் விடாமல் பழக்கினேன். மாமா தன் கைலி நுனியைப் பெஞ்சுக் காலில் கட்டிக்கொண்டு பழகினார்.

இறுதித் தேர்வு இன்று மதியம் நடந்தது. திருவேங்கடம் மாமாவைச் சாப்பிட அழைத்திருந்தோம். அவர் வாசலில் தலை காட்டியதும் அப்பாவின் முட்டி மேலே வந்தது. எத்திராஜ் மாமா அதன்மேல் கையை வைத்து அழுத்தினார். மாமாவின் முட்டி எழுந்தது. அப்பா அழுத்தினார். ஒருவரும் எழவில்லை! நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தபோது, திருவேங்கடம் மாமா உட்காராமல் அப்படியே நின்றார். கையில் ஒரு பை. விருந்துக்கு வந்தவர், பழக்கத்தில் தன் டிபன் பாக்ஸையும் கொண்டுவந்திருந்தார். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். அப்பாதான், "குடுடா" என்று வாங்கித் திறந்து, நடுவில் வைத்து, உள்ளே இருந்த வத்தக்குழம்பை எடுத்துத் தன் சோற்றில் ஊற்றிக்கொண்டார். "உப்பு கம்மி. சூப்பர்வைசர் ஆனா உப்பு கூட போட மாட்டியா மாமே?" என்றார் எத்திராஜ் மாமா. திருவேங்கடம் மாமா அவர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்துவிட்டு உட்கார்ந்தார். அதன்பிறகு பேசியது எதையும் நான் குறிக்கவில்லை, எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். விருந்து முடிந்து கிளம்பும் நேரத்தில் அப்பாவும் எத்திராஜ் மாமாவும் வரும் தேர்வில் தெரிந்ததை எல்லாம் மறைக்காமல் எழுதுவதாக அம்மாவின் கையில் அடித்துச் சத்தியம் செய்தார்கள்.

ஆகவே என் முடிவுரை: அண்டை நாடுகள் அனைத்தின் முறைகளையும் விட, எழுந்து நிற்காமல் இருக்கவும் தெரிந்ததைத் தெரிந்தபடி எழுதவும் கற்பிக்கும் முத்தாபுதுப்பேட்டை முறையே சிறந்தது. இதை உங்கள் மாணவர்களுக்கு நம்பிக்கையோடு வாசித்துக் காட்டலாம்.

குளிரில் காதை மூடிக்கொள்ளுங்கள், தொப்பி வரும்வரை துண்டாவது கட்டுங்கள். உங்கள் மாணவர்களுக்கு, அவர்கள் பெயர் தெரியாவிட்டாலும், என் அன்பு. உங்கள் கையெழுத்தைக் கண்டால்தான் இங்கே எல்லாருக்கும் மனம் நிறைகிறது, அப்பாவுக்குக் கொஞ்சம் பயமும் வருகிறது.

உங்கள் ஆசியை என்றும் வேண்டும் மருமகள்,
உ. பவ்யா

பின்குறிப்பு: அத்தை, இந்தக் கடிதத்தைத் தபாலில் போடச் சொல்லி அன்றே அப்பாவிடம் கொடுத்தேன். இன்றுதான் அவர் சாப்பாட்டுப் பைக்குள் கண்டெடுத்தேன். குழம்புக் கறைக்கு மன்னிக்கவும். 'அப்பா தூங்கினார்' என்ற இடத்தில் பென்சிலால் அடித்து 'யோசித்தார்' என்று திருத்தியிருப்பது நான் இல்லை.

இதற்குள் தேர்வும் நடந்து முடிவும் வந்துவிட்டது. இருவரும் தேறிவிட்டார்கள். அப்பா கொஞ்சம் முந்தியதால் இடம் அப்பாவுக்கு. எத்திராஜ் மாமாவுக்கு அடுத்த காலியிடம். தயவுசெய்து என் முடிவுரையை அடித்துவிடுங்கள். முதல் நாள் லன்சுக்கு அப்பா வெள்ளை ஹெல்மெட்டோடு பெஞ்சுக்குப் போனாராம். எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். முதலில் எழுந்தது, அவ்வளவு பயிற்சி எடுத்த எத்திராஜ் மாமா! அப்பா மாமாவின் கருவாட்டுக் குழம்பைத் தூக்கிக்கொண்டு, "எழுந்துட்டீங்க இல்ல? அப்டியே நடங்கடா" என்று சூப்பர்வைசர் மேசைக்குப் போய்விட்டார். குழம்பு போன வழியே எல்லாரும் போக வேண்டியதாயிற்று. இப்போது திருவேங்கடம் மாமாவோடு எல்லாரும் அங்கேதான் நெருக்கியடித்துச் சாப்பிடுகிறார்கள். எழாமல் இருக்கக் கற்பித்ததால் ஒரு பயனும் இல்லை, எழுந்ததால்தான் நடந்தது.

முடிவுரையின் இன்னொரு பாதியையும் அடிக்க வேண்டும். நேற்று இரவு அப்பா எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எத்திராஜ் மாமா இனிப்போடு வந்தார். எல்லாக் கேள்வியும் எழுதினீர்களா மாமா என்று வாசலில் மெதுவாகக் கேட்டேன். "ஒண்ணே ஒண்ணுதான் பாப்பா வுட்டுட்டேன். அந்த டேப்பர் கணக்கு. மெய்யாலுமே வரல" என்றார். நான் அவரைப் பார்த்தேன். அவர் ஜன்னல் கம்பி அதிரச் சிரித்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அவர் முக்கோணம் வாங்கியதே அந்தக் கணக்குக்குத்தான், அத்தை. இது அப்பாவுக்குத் தெரியக் கூடாது. அதனால் இந்தக் கடிதத்தை இம்முறை நானே தபாலில் போடுகிறேன்.